பேச்சாயிக்கு சீரியஸ்

நிலக்கோட்டையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அந்த ஊரில் பேச்சாயியைப் போலத் திடகாத்திரமான பொம்பளை கிடையாது. ஐம்பத்திரண்டு வயதிலும் விடியுமுன்னே மல்லிகைக் காட்டில் இறங்கிவிடுவாள். வெயில் ஏறுவதற்குள் மூன்று கிலோ பூவைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்து, பூ வேன்காரனிடம் எடைக்காக ஒரு சண்டையும் போட்டு முடித்துவிட்டுத்தான் காப்பித்தண்ணி குடிப்பாள். தலைவலி மாத்திரை ஒன்றை அவள் விழுங்கி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் நாட்டின் வடக்கு ஓரத்தில், வருஷத்தில் ஏழு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஒரு மலையில், ராணுவ முகாமொன்றின் தகர அலமாரியில் இருக்கும் கோப்பைப் புரட்டினால் வேறொரு பேச்சாயி வருவாள். அவள் பதினோரு வருஷத்தில் ஆறு முறை சாகக் கிடந்தவள். இரண்டு முறை நெஞ்சடைப்பு. ஒரு மஞ்சள் காமாலை. ஒரு டைபாய்டு. ஒரு முறை முதுகுத்தண்டு நழுவி எழுந்திருக்கவே முடியாமல் போனது. ஒரு முறை கட்டுவிரியன் கடித்தது. இந்த ஆறிலிருந்தும் அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதை மருத்துவ உலகம்தான் விளக்கவேண்டும்.

எல்லாம் அவளுடைய ஒரே மகன் விக்னேஷ்குமாரின் லீவுக்காக.

பத்தொன்பது வயதில் ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி, குதித்து, மூச்சைப் பிடித்து மார்பை விரித்துக் காட்டித் தேர்வானவன் அவன். ஊரே மாலை போட்டு ரயிலேற்றியது. மிலிட்டரிக்காரன் வீடு என்றால் ஊருக்கு ஒரு நினைப்பு உண்டு. சம்பளம் கொட்டுகிறது, கேன்டீனில் எல்லாம் பாதி விலை, பாட்டில் சும்மாவே கிடைக்கிறது என்று. அவன் லீவில் வந்து இறங்கும்போது அவனைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, பெட்டியைத்தான் பார்ப்பார்கள்.

நிலவரம் வேறு. அவனோடு பத்தாம் வகுப்பு படித்த பழனிக்குமார் நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பூ வேன் ஓட்டியே அவன் அளவுக்குச் சம்பாதித்தான். ராத்திரியானால் தன் வீட்டுப் பாயில் காலை நீட்டிப் படுத்தான். விக்னேஷ் தகரக் கொட்டகையில் மண்ணெண்ணெய் அடுப்பை ஒட்டி முடங்கிக் கிடந்தான். கொடுத்த காலுறை ஒரு குளிருக்குமேல் தாங்காததால் தன் காசில் வாங்கிப் போட்டுக்கொண்டான். அந்த உயரத்தில் அரிசி வேகாது. அரைவேக்காட்டையே சோறு என்று தின்றான். முதல் குளிரிலேயே வலது கையில் இரண்டு விரல் நகம் கறுத்து விழுந்தது; பிறகு ஒவ்வொரு குளிரிலும் விழுந்தது. அதை அவன் வீட்டுக்குச் சொல்லவில்லை. போட்டோ எடுத்து அனுப்பும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

பேச்சாயி அந்தப் போட்டோவைப் பார்த்தவுடன் கேட்டது ஒன்றுதான். "இவன் எதுக்குக் கைய ஒளிக்கிறான்?"

லீவு காகிதத்தில் வருஷத்துக்கு இரண்டு மாதம் உண்டு. ஆனால் ஒரு தடவை ரோடு மூடிக்கொள்ளும். இன்னொரு தடவை முன்னால் போனவன் திரும்பியிருக்கமாட்டான். அதுவும் இல்லையென்றால் ஆள் பத்தவில்லை என்பார்கள். இப்படியே பதினெட்டு மாதம் ஓடிப்போனது. ஒரு நாள் போனில் அவன் குரல் கம்மியதைக் கேட்டுவிட்டுப் பேச்சாயி சொன்னாள்: "எனக்குச் சீரியஸுன்னு சொல்லிட்டு வாலே."

"என்னம்மா பேசுற நீ."

"சும்மா சொல்லு. அங்கேருந்து வந்து என் கையப் புடிச்சா பாக்கப்போறாக?"

அப்படி வந்ததுதான் முதல் நெஞ்சடைப்பு. அதற்கு வேண்டிய சாமான்களை எல்லாம் கிளெமென்ட் கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் முப்பது வருஷம் ஆண் நர்சாக இருந்து ஓய்வுபெற்று, அடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டவர். குளுக்கோஸ் மாட்டுகிற ஸ்டாண்டு, காலி பாட்டில், ரப்பர் குழாய் எல்லாம் அவர் வீட்டுப் பரணிலேயே இருந்தன. குழாயைப் பேச்சாயியின் கையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, கட்டிலில் படுக்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். தொழில் தெரிந்தவர் என்பதால் கிளெமென்ட்டுக்கு ஒரு குறை தெரிந்தது.

"பேச்சாயிக்கா, ஐசியூவுல வளையல் போடவிடமாட்டாங்க. செத்த நேரம் கழட்டி வைங்க."

"புருசன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கும்போது நான் எதுக்கு வளையலக் கழட்டணும்? பொய்யிக்குன்னாலும் அது மட்டும் ஆகாது."

அன்றிலிருந்து ஆறு முறையும் அவள் கை நிறையக் கண்ணாடி வளையலோடுதான் சாகக் கிடந்தாள்.

அவள் சொன்ன அந்தப் புருஷன் கண்ணுசாமி. எட்டு வெள்ளாடு வைத்திருந்தார். விற்கிற ஆட்டுக்கு விலை பேசுமுன்னே, "இது லேசா நொண்டும்ங்க" என்று வாங்குகிறவனிடம் தானே சொல்லிவிடுகிற ஆள். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும். அதனால் வீட்டில் நோய் வருகிற நாட்களில் பேச்சாயி அவரை ஆட்டோடு கண்மாய்ப் பக்கம் அனுப்பிவிடுவாள்.

மெல்ல மெல்ல இதில் அவளுக்குப் பேர் வந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளையைக் கொடுத்த அம்மாக்கள் யோசனை கேட்டு வர ஆரம்பித்தார்கள். நத்தத்திலிருந்து ஒருத்தி புளியோடு வந்தாள். எரியோட்டிலிருந்து ஒருத்தி ஒரு பை கத்தரிக்காயும் கூடவே தன் மகளுமாக வந்தாள். அந்த மகள்தான் மணிமேகலை, பின்னால் பேச்சாயிக்கு மருமகளானவள். யார் வந்தாலும் பேச்சாயியின் முதல் கேள்வி ஒன்றுதான். "எத்தன நாளு வேணும்?"

"பத்து நாளுன்னா டைபாய்டு போதும். இருவதுன்னா மஞ்சக்காமால போடு, பத்தியம் இருக்கணும்ல. நெஞ்சடைப்பத் தொட்டதுக்கெல்லாம் எடுக்காத, அது கல்யாணங்காட்சிக்கு ஆகும். கேன்சர் பக்கம் மட்டும் போகவே போகாத. அப்புறம் பொழச்சதுக்குக் காரணஞ்சொல்லி மாளாது."

மகனின் முகாமில் லீவு விண்ணப்பம் முதலில் போய்ச்சேருவது சுபேதார் அருள்நாதனிடம். நத்தத்துக்காரர். ஒவ்வொரு முறையும் வீடியோவில் கூப்பிட்டு, "அக்கா, எப்புடி இருக்கீக?" என்று கேட்பார். பேச்சாயி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "இருக்கேன் தம்பி, எம்புள்ளையக் கண்ணுல காட்டுங்க" என்பாள். ஒருமுறை அந்த நேரம் பார்த்துப் பூ வேன் ஹாரன் அடிக்க, பாம்பு கடித்துக் கிடந்த பேச்சாயி எழுந்து உட்கார்ந்து, "எடைய நான் வந்து பாக்காம மூட்டையக் கட்டாத" என்று வாசலைப் பார்த்துக் கத்திவிட்டாள். சுபேதார் இருமல் வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "விசம் தலைக்கேறிருச்சு போல, ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தன் நடிப்புக்குக் கிடைத்த வெற்றி என்றே பேச்சாயி அதை எடுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் புது மேஜர் வரும்வரைக்கும்தான். வடநாட்டுக்காரர், சின்ன வயசு. கோப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது. படித்து முடித்துவிட்டு விக்னேஷைக் கூப்பிட்டு, "உன் அம்மாவுக்கு மொத்தம் எத்தனை இதயம்?" என்று கேட்டார்.

அது மணிமேகலை கர்ப்பமாக இருந்த நேரம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய முதல் பிள்ளை. ஆறு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது, அப்புறம் பிள்ளை எங்கிருந்து வரும் என்று பேச்சாயி வெளிப்படையாகவே கேட்பாள். ஆனியில் நடந்த வளைகாப்புக்கு விக்னேஷுக்கு லீவு இல்லை என்றாகிவிட்டது. பிரசவத்துக்கு, ஆவணி மூன்றாம் தேதியிலிருந்து இருபது நாள் கொடுத்தார் மேஜர். கொடுத்த கையோடு ஒரு நிபந்தனையும் போட்டார். இனி அம்மா பேரைச் சொல்லி ஒரு நாள் லீவு கேட்டாலும் இந்த இருபது நாளும் ரத்து.

வளைகாப்பு அவன் இல்லாமலே நடந்தது. மருமகளுக்கு அடுக்கிய கையோடு பேச்சாயியும் இரண்டு கையிலும் சிவப்பும் பச்சையுமாக டஜன் டஜனாகப் போட்டுக்கொண்டாள். அந்தப் போட்டோவை முகாமில் எல்லோரும் பார்த்தார்கள். மணிமேகலை தாய்வீடான எரியோட்டுக்குப் போனாள். பேச்சாயி வீட்டுக் காலண்டரில் ஆவணி மூன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

ஆடி பிறந்து எட்டாம் நாள் காலை, மல்லிகைக் காட்டில் பறித்துக்கொண்டிருந்தவளுக்குத் தாடை வலித்தது. அப்புறம் இடது தோள். வேர்த்துக் கொட்டியது. நெஞ்சடைப்பு என்றால் மார்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ" என்று சாயவேண்டும் என்பதுதான் அவள் இதுவரை நடித்த முறை. இது அப்படி இல்லாததால், பித்தம் என்று நினைத்தாள். இன்னும் ரெண்டு செடிதானே என்று குனிந்தவள் அப்படியே உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தாள். மடியிலிருந்த பூ கொட்டியது.

அடுத்த பாத்தியில் பறித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "இப்ப யாரு மகனுக்குக்கா லீவு? படம் புடிக்க ஆளே இல்லாம ஒத்திகையா?"

கொட்டிய பூவைப் பேச்சாயி பார்க்கக்கூட இல்லை என்பதைக் கவனித்த பிறகுதான் அவர்களுக்குச் சிரிப்பு நின்றது. ஒருத்தி ஓடிப்போய்க் கிளெமென்ட்டைக் கூட்டிவந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே ஒரு மாத்திரையை அவள் வாயில் போட்டு மென்று விழுங்கச் சொல்லிவிட்டு, பழனிக்குமாரின் வேனை மறித்தார். பூ மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்துத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது அவள் சேலையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் முழுக்க மல்லிகை மொட்டு உதிர்ந்தது.

உள்ளே நர்ஸ் செய்த முதல் வேலை, எண்ணெய் தடவி வளையல்களைக் கழற்றியது. பேச்சாயிக்குத் தடுக்கத் தெம்பில்லை. "அவரு நல்லாத்தானேம்மா இருக்காரு" என்று மட்டும் முனகினாள்.

இரண்டு நாளில் நினைவு தெளிந்து வார்டுக்கு மாற்றினார்கள். ரத்தக் குழாய் மூன்றில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யவேண்டும், வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார் டாக்டர். எரியோட்டிலிருந்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்த மணிமேகலை, அழுத முகத்தோடு போனைக் கையில் எடுத்தாள். பேச்சாயி அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அவனுக்குச் சொன்னா அந்த நிமிசமே போயி லீவு கேப்பான். கேட்டா இருவது நாளும் போச்சு. ஆறு வருசங்கழிச்சுப் பொறக்குற புள்ள மொகத்த அவன் பாக்கணுமா, வேணாமா?"

"அத்த, உங்களுக்கு ஆபரேசனு."

"ஆபரேசன டாக்டருதான செய்யப்போறாரு. அவன் வந்து என்னத்தப் புடிக்கப்போறான்?"

வாய் அப்படிச் சொன்னது. மனசுக்குள் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரே ஒரு தடவை மகன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் போதும் என்று ஏங்கினாள். பதினோரு வருஷமாகப் பொய் சொல்லி வரவழைத்தவனை உண்மைக்கு வரவழைக்க வழியில்லாமல் போயிற்றே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் சுவர்ப் பக்கம் திரும்பி முடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விக்னேஷ் கூப்பிடுவான். அதற்குள் ஆஸ்பத்திரியை வீடாக்கவேண்டும். சீக்காளியாக நடித்துப் பழகியவளுக்கு நல்லாயிருப்பவளாக நடிப்பது புது வேலையாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் தங்கைக்குத் துணையிருந்த குர்ஷித் பேகம், பேகம்பூரில் தோல் வியாபாரக் குடும்பத்துக்காரி, தன் பூப்போட்ட போர்வையைக் கொடுத்தாள். அதைக் கட்டிலுக்குப் பின்னால் கட்டினார்கள். கண்ணுசாமி வீட்டுக் காலண்டரைக் கழற்றிவந்து அதில் குத்தினார். பழனிக்குமார் அரைக் கிலோ பூ கொண்டுவந்து கொட்டினான். ஊசி குத்திய கையைப் பூக்குவியலுக்குள் மறைத்துக்கொண்டு பேச்சாயி உட்கார்ந்தாள். வார்டே மணத்தது. நர்ஸ் வந்து, "இங்க என்ன கல்யாணமா?" என்று சத்தம் போட, குர்ஷித் பேகம் அவளைக் கையோடு வெளியே நகர்த்திக்கொண்டு போனாள்.

"என்னம்மா, எளச்சாப்ல இருக்க?" என்றான் விக்னேஷ்.

"ஆடி வெய்யிலு. நீ சாப்டியா? வெரலு எப்புடி இருக்கு?"

பூ விலை, ஆட்டுக்குட்டி, மருமகளின் வயிறு எல்லாம் பேசினாள். மூச்சு வாங்கும்போதெல்லாம் பூவைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். அவனுக்குப் பின்னால் அடுப்பில் கை காய்ச்சிக்கொண்டிருந்த சுபேதார் எட்டிப்பார்த்து, "அக்கா, சௌக்கியமா?" என்றார். "கல்லுக்குண்டாட்டம் இருக்கேன் தம்பி" என்று தன்னை மறந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டாள். ஊசிக் கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டாள். மகன் அதைப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

சாயங்காலம் மணிமேகலையின் போனுக்குச் சுபேதார் தனியாகக் கூப்பிட்டார். "அக்காகிட்டக் குடும்மா."

பேச்சாயி வாங்கி, குரலை உயர்த்தி, "சொல்லுங்க தம்பி" என்றாள்.

"கையில வளையலக் காணோமேக்கா."

பேச்சாயி வெறுங்கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஆறு தடவ சாகக் கெடந்தீக. ஆறு தடவையும் கைநெறைய வளையலு. எந்த ஐசியூவுல விட்டுவைப்பாக? மொதத் தடவையே எனக்குத் தெரியும். இப்ப நல்லாருக்கேங்கிறீக, கை மொட்டையா இருக்கு. எந்த ஆஸ்பத்திரி?"

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீக?"

"எங்கம்மா நத்தத்துல மூணு தடவ செத்துப் பொழச்சவ. எனக்குத் தெரியாதா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "அவங்கிட்டச் சொல்லிராதீக தம்பி, அந்த இருவது நாளு போயிரும்" என்றாள்.

அருள்நாதன் கேட்டார்: "உங்களுக்கு அவனப் பாக்கணும்னு இல்லியா?"

"இருக்கு" என்றாள் பேச்சாயி.

"உங்க பேரச் சொன்னாத்தான மேஜரு கடுப்பாவாரு. கோப்புல உங்க வீட்டுக்காரரு பேருல இதுவரைக்கும் ஒரு சளிகூட இல்லக்கா. அவருக்கு முடியலன்னா பத்து நாளு அவசர லீவு தனியாத் தரலாம். இருவதத் தொடவேணாம். ஆனா ஒண்ணு, மேஜரு இப்பெல்லாம் தானே வீடியோவுல பாக்குறாரு."

போனை வைத்துவிட்டுப் பேச்சாயி கட்டில் ஓரத்தில் நின்ற கண்ணுசாமியைப் பார்த்தாள். அவர் காது அப்போதே சிவக்கத் தொடங்கியிருந்தது.

"எனக்குப் பொய் வராது புள்ள."

"தெரியும்" என்றாள் பேச்சாயி. "அதுக்குத்தான் ஒங்களுக்குப் பக்கவாதம். வாய் கோணிரும், பேச்சு வராது. வாயத் தொறக்காம இருந்தா அது எப்புடிப் பொய்யாகும்?"

கண்ணுசாமி வெகுநேரம் யோசித்துப் பார்த்தார். அதில் குற்றம் கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஊரில், அதே கட்டிலில், அதே ஸ்டாண்டுக்குக் கீழே கண்ணுசாமி படுத்தார். கிளெமென்ட் வாயை இடது பக்கம் இழுத்து எப்படிக் கோணவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். மணிமேகலை ஒரு போனில் வீடியோவைப் பிடித்தாள். இன்னொரு போன், கண்ணுசாமியின் பட்டன் போன், கட்டிலுக்கு அடியில் திறந்திருந்தது. அதன் மறுமுனை ஆஸ்பத்திரியில் பேச்சாயியின் காதில். குர்ஷித் பேகம் தன் காதையும் கூட ஒட்டிவைத்திருந்தாள்.

அங்கே முகாமில், சுபேதார் விக்னேஷிடம் ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தார், அப்பாவுக்குச் சீரியஸ் என்று. விக்னேஷ் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான். அம்மாவுக்கு நோய் தீர்ந்துபோய் அப்பாவை இறக்கிவிட்டாள் என்றே நினைத்தான். இவரா நடிக்கப்போகிறார் என்ற கவலைதான் அவனுக்கு. மேஜருக்குப் பின்னால் விறைப்பாக நின்றான்.

மேஜர் இந்தியில் விசாரித்தார். சுபேதார் தமிழில் சொன்னார்: "ஐயா, ஒடம்புக்கு என்னன்னு கேக்குறாரு."

கண்ணுசாமி வாயைக் கோணிக்கொண்டுதான் கிடந்தார். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். அப்புறம் மேஜரின் தோளுக்குப் பின்னால் மகனைப் பார்த்துவிட்டார். எட்டு மாதத்துக்கு அப்புறம் பார்க்கிறார். பனியில் தோல் கறுத்துக் கன்னம் ஒட்டிப்போன முகம். வாய் தானாக நேரானது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க சார்" என்றார் கண்ணுசாமி. "நான் நல்லாத்தான் இருக்கேன். எம்பொண்டாட்டிதான் சார் நெஞ்சு வலிச்சு ஆஸ்பத்திரியில கெடக்கா. வெள்ளிக்கெழம நெஞ்சப் பொளந்து ஆபரேசனு. எம்புட்டோ தடவ பொய்யிக்கு முடியலன்னு சொன்னா சார், இப்ப நெசமா முடியல. நல்லாருக்கேன்னு நடிச்சுக்கிட்டுக் கெடக்கா. அவளுக்குப் புள்ளையப் பாக்கணும். எங்கிட்டச் சொல்லமாட்டா. சொவத்தப் பாத்துத் திரும்பிக்கிறா."

கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது. ஆஸ்பத்திரியில் பேச்சாயி, "பாவி மனுசா, கெடுத்தியே" என்று பல்லைக் கடித்தாள். கடித்துக்கொண்டே அவளும் அழுதாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில், அவர் இப்படியெல்லாம் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மேஜருக்குத் தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாது. என்ன சொல்கிறார் என்று சுபேதாரைக் கேட்டார்.

"வாய் குழறுது சாப்" என்றார் அருள்நாதன், இந்தியில், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். "ஒன்றும் விளங்கவில்லை."

பின்னால் நின்ற விக்னேஷுக்கு ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. ராணுவத்தில் விறைப்பாக நிற்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அவன் நின்றான். கன்னத்தை மட்டும் அவனால் கட்டுப்படுத்த முடியவில்லை. மேஜர் திரும்பி அவனைப் பார்த்தார். போனில் அழுகிற கிழவரைப் பார்த்தார். கோப்பை மூடி, பத்து நாள் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

வியாழக்கிழமை மதியம் விக்னேஷ் திண்டுக்கல்லில் வந்து இறங்கினான். பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினான். வாங்கச் சொன்னது சுபேதார். வார்டுக்குள் நுழைந்ததும் பேச்சாயி அவன் முகத்தை அல்ல, விரல்களைத்தான் முதலில் பார்த்தாள். நகம் பாதி வளர்ந்திருந்தது.

"இருவது நாளு?" என்று கேட்டாள்.

"அப்புடியே இருக்கும்மா."

அதற்கப்புறம்தான் அவள் அவனைக் கட்டிப்பிடித்தாள். வெள்ளிக்கிழமை காலை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவள் முனக, விக்னேஷ் பழக்கதோஷத்தில், "லீவு கெடச்சிருச்சும்மா, போதும் நிப்பாட்டு" என்று சொல்லிவிட்டான். "நெசமாவே வலிக்குதுலே" என்றாள் பேச்சாயி. தள்ளிக்கொண்டு போன ஆளுக்குத் தாயும் மகனும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. ஐந்து மணி நேரம் வளையல் பொட்டலத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அவன் வராண்டாவில் நடந்தான். கண்ணுசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

ஆவணியில் இருபது நாள் லீவில் அவன் மறுபடி வந்தான். வந்த நாலாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. முதலில் கையில் வாங்கியது அவன்தான். நகம் பாதி வளர்ந்த விரலைத்தான் குழந்தை பிடித்துக்கொண்டது. லீவு முடிந்து கிளம்புகிற அன்று பேச்சாயி நெஞ்சில் தழும்பும் கையில் வளையலுமாக எரியோட்டில் உட்கார்ந்து, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மகன் பெட்டியைக் கட்டுவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. மணிமேகலையின் அம்மா சமாதானம் சொன்னாள்.

"இனிமே லீவுக்குக் கவலையே இல்ல சம்பந்தி. பச்சப்புள்ளைக்குக் காச்சல்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், எந்த மேஜரும் மறுபேச்சுப் பேசமாட்டாக."

பேச்சாயிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. குழந்தையின் காதைத் தன் கையால் மூடினாள்.

"இவ பேருல ஒரு தும்மல்கூட எழுதக்கூடாது, சொல்லிட்டேன். மேஜருக்கென்ன, ரெண்டு வருசத்துல மாத்திப்புடுவாக. எனக்குக் கிட்னி ரெண்டும் பாக்கி இருக்கு, கல்லீரலு இருக்கு, மூட்டு இருக்கு. இவ கல்யாணம் வரைக்கும் வரும்."